எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'

படகில் ஐந்து பேர் இருந்தோம். நான், ஸ்கூபா முக்குளிப்புச் சொல்லித்தரும் மலையாளி மாஸ்டர், என்னோடு பயிற்சிக்கு வந்த ஐடி கம்பெனி அக்கா, அவர் கணவர், படகோட்டும் தூத்தூர்க்கார அண்ணன். அப்பா இல்லை. அந்நேரம் அவர் சாலைக் கடைத்தெருவில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் இல்லை. கடலில் பரீட்சை என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். பரீட்சைக்கு வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று ஐந்து தோசை தின்ன வைத்து அனுப்பியிருந்தாள்.

கோவளத்திலிருந்து புறப்பட்டுக் கால்மணி நேரத்தில் அந்த ஐந்து தோசையும் தொண்டைக்கு வந்தன. நங்கூரம் போட்டு நின்ற படகு, ஓடுகிற படகைவிட மோசம். ஓரத்தைப் பிடித்துக் குனிந்தேன்.

"லேய் தம்பி, அந்தப் பக்கம் வேண்டாம்! காத்து எதுக்க அடிக்கி, எல்லாம் உன் மொகத்துக்கே வரும். இந்தால வா" என்று படகோட்டி என்னை மறுபுறம் இழுத்துவிட்டார். "மீனுக்குத் தோசையா? தொட்டுக்கச் சம்மந்திச் சட்னி உண்டா?"

அக்கா சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அன்று கடைசி முக்குளிப்பு. அதில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் திங்கட்கிழமை ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் சேரலாம். கடலடிப் பாறைகளில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று இறங்கிக் கணக்கெடுக்கும் வேலை. விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவனுக்குக் கிடைத்த ஒரே வேலை. பயிற்சிக் கட்டணத்துக்கு அப்பா தன் ஓணம் போனசைத் தொடாமல் எடுத்து வைத்திருந்தார்.

இறங்குவதற்கு முன் மாஸ்டர் என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னார். "மோனே, பலம் பிடிக்காதே. மூக்கைப் பொத்தி மெல்ல ஊது. செவி திறக்கலைன்னா மேல வந்துடணும், கேட்டோ? இன்னிக்கு இல்லெங்கில் நாளைக்கு. கடல் எங்கயும் போகாது."

கடல் போகாது. திங்கட்கிழமை போய்விடுமே.

கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். தண்ணீரின் அழுத்தத்தில் அடைக்கும் காது திறக்க, ஒவ்வொரு கை இறங்கும்போதும் மூக்கைப் பொத்தி ஊத வேண்டும். வலது காது 'டிக்'கென்று திறந்தது. இடது காது திறக்கவில்லை. மூன்று மீட்டரில் யாரோ ஊசியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. உள்ளங்கையை ஆட்டிக் காதைக் காட்டினேன். மாஸ்டர் கொஞ்சம் மேலே ஏறச் சொன்னார். ஏறி, ஊதி, மறுபடி இறங்கினேன். திறக்கவில்லை. மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை அவர் விரலை வளையமாக்கி, சரியா என்று கேட்டார். நானும் விரலை வளையமாக்கிக் காட்டினேன். சரி என்று.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் விண்ணப்பங்களை நிரப்புவது என் வேலை. ரேஷன் கார்டு, பாங்கு, ஆஸ்பத்திரி எல்லாம். கேள்வியை நான் வாசிப்பேன். வாசித்து முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிடுவார்: "இல்லன்னு போடு மக்கா." நோய் உண்டா? இல்லை. வேறு வருமானம்? இல்லை. "உண்டுன்னு எழுதினா அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லுவான். ஒரு நாள் கூலி போச்சு."

பயிற்சியின் முதல் நாள் தந்த உடல்நலப் படிவத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். காதில் எப்போதாவது நோய் உண்டா என்பது அதில் ஒன்று. ஆறாம் வகுப்புவரை என் இடது காதில் சீழ் வடியும், பஞ்சு வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று குறியிட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. அதைத்தான் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

நீருக்கடியில் பலம்கொண்ட மட்டும் ஊதினேன். காதுக்குள் துணி கிழிந்த மாதிரி ஒரு சத்தம். வலி சட்டென்று நின்றது. சில்லென்று தண்ணீர் தலைக்குள் போனது. உடனே கடல் சுழல ஆரம்பித்தது. மேல் எது, கீழ் எது தெரியவில்லை. மிச்சமிருந்த தோசை, மூச்சு வாங்கும் வாய்க்குழாய்க்குள்ளேயே வந்தது. குழாயை நான் துப்பிவிடாதபடி மாஸ்டர் அதை ஒரு கையால் என் வாயோடு அழுத்திப் பிடித்து, மறுகையால் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார். படகில் யாரும் கேலி செய்யவில்லை. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

காது டாக்டரிடம் அப்பா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார், தோளில் அரிசித் தூசியோடு. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல இந்தக் காதுல சீழ் வந்ததுண்டோ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சாரே" என்றார் அப்பா, கேள்வி முடிவதற்குள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"உண்டு" என்றேன்.

பழைய ஓட்டை மெல்லிசாக மூடியிருந்த இடத்திலேதான் கிழிந்திருக்கிறதாம். முன்பே சொல்லியிருந்தால் தண்ணீரில் இறங்கவே விட்டிருக்க மாட்டார்களாம். இனி ஒருபோதும் இறங்கக்கூடாதாம். திங்கட்கிழமை அந்த வேலைக்கு வேறொருவர் சேர்ந்தார். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது மாஸ்டர் அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நீயல்லே மோனே டிக் செய்தது?" கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் அறுவைக்கு மாதக்கணக்கில் வரிசை. காதில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. தனியாரிடம் போனோம். சேரும்போது தந்த படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அப்பா சொல்லாமலே. உண்மையாகவே.

வீட்டுக்கு விட்ட நாளில் பில்லை வாசித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

"எல்லாமாச் சேத்து எவ்வளவு மக்கா ஆச்சு?"

பயிற்சிக் கட்டணம், ஸ்கேன், அறுவை, மருந்து எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.