கண்டென்சர் ஓட்டைக்கு நான் சொன்ன காரணம்

1. தலைவர் வண்டி

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் ஏ.சி. வைத்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று நெரவி ரைஸ்மில்காரருடைய அம்பாசிடர். மெட்ராஸில் ஏ.சி. பொருத்திக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் கண்ணாடியை இறக்கியதே இல்லை. ஏ.சி. ஓடாத நாளிலும் ஏற்றியே வைத்திருப்பார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊர் பார்க்கிறதே, என்ன செய்வது.

நான் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் வேலை பார்த்துவிட்டு, கோவிந்தசாமி என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் ஏ.சி. மெக்கானிக்காகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு சித்திரை மத்தியானம் அந்த வண்டி வந்து நின்றது. டிரைவர் அஞ்சப்பன் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார். அவர் கடலோரத்துக் கருக்களாச்சேரிக்காரர். கடலில் தோள்பட்டை இறங்கிப்போய், வலை இழுக்க முடியாமல், லைசென்ஸ் எடுத்து இந்த வேலைக்கு வந்தவர். வீட்டில் ஐந்து வாய். சம்பளம் முந்நூற்றைம்பது.

"கூலிங்கே வரல. என்னான்னு பாரு," என்றார் மில்காரர்.

கேஸ் முழுவதும் போயிருந்தது. கொஞ்சம் ஏற்றிவிட்டுச் சோப்பு நுரை தடவினேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில், ஒரு குழாயில் நுரை கொப்புளித்தது. அதற்கு நேர் எதிரே, முன்பக்கக் கிரில்லில் ஒரு போர்டு. போன மாதம் மாட்டியது. எந்தச் சங்கம் என்பது பொடி எழுத்தில் இருந்தது. 'தலைவர்' என்பது மட்டும் பஸ் போர்டு அளவுக்கு. அதை மாட்டிய தச்சர் கதவுக்குப் போடும் நீள ஸ்க்ரூவைப் போட்டிருந்தார். முனை உள்ளே நீட்டிக்கொண்டு, வண்டி ஆட ஆடக் குழாயை உரசித் துளைத்துவிட்டது. பதவிக்கு வந்த ஒரு மாதத்தில் தலைவர் சாதித்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

2. எஸ்டிமேட்

செம்புக் குழாய். கேஸ் வெல்டிங்கில் ஒரு பற்று வைத்தால் தீர்ந்தது. கூலி அறுபது ரூபாய், கேஸ் தனி. ஸ்க்ரூ குத்தியதையும் இதையும் முதலாளி கோவிந்தசாமியிடம் காதோடு சொன்னேன். அவர் பார்த்த பார்வை, நான் அவர் சட்டைப் பையில் கைவிட்டதுபோல் இருந்தது. நேராக மில்காரரிடம் போனார்.

"பற்று வைக்கலாங்க. ஆனா உங்க அந்தஸ்துக்கு ஒட்டுப்போட்ட சாமான் சரிப்படுங்களா?"

"எனக்கெதுக்குய்யா ஒட்டு? புதுசு போடு. எவ்வளவு ஆவும்?"

கண்டென்சர், கேஸ், மெட்ராஸ் போய்வரும் செலவு, கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார் முதலாளி. மில்காரர் முகம் சுருங்கியது. பெரிய மனுஷன் தோரணையெல்லாம் தொகையைக் கேட்கும்வரைதான். யார் தலையில் கட்டலாம் என்று உடனே பார்வை அலைந்தது.

"எப்படிடா ஓட்டையாச்சு? எங்கயாவது இடிச்சியா?" என்றார் அஞ்சப்பனிடம்.

"இல்லீங்க. எங்கயும் இடிக்கலீங்க." சொல்லிவிட்டு அஞ்சப்பன் என்னைப் பார்த்தார்.

மில்காரரும் என் பக்கம் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலாளி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மில்லின் இரண்டு லாரிகளும் எங்களிடம்தான் வேலைக்கு வரும். போர்டைச் சொன்னால் தலைவருக்குக் கோபம் வரும். இடி என்று சொன்னால் அஞ்சப்பன் பிழைப்பு போய்விடும். இரண்டும் வேண்டாம் என்று ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"இடியெல்லாம் இல்லீங்க. உப்புக்காத்து. குழாய அரிச்சிடுச்சு."

கடல் எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்ற தைரியம்தான்.

மில்காரர் கொஞ்சம் யோசித்தார். "உப்புக்காத்தா? என் ஷெட்டு நெரவில, வயக்காட்டுக்கு நடுவுல இருக்கு. இவன்தான் தெனம் மத்தியானம் சோத்துக்கு வண்டிய கருக்களாச்சேரிக்கு ஓட்டிட்டுப் போறான். போனா போவுதுன்னு விட்டேன். கடக்கரையில கொண்டுபோயி நிறுத்திப்புட்டு, எங்கயும் இடிக்கலியாம்."

அஞ்சப்பனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "நாளைலேர்ந்து வர வேணாம். இந்த மாசச் சம்பளத்தையும் கேட்டுக்கிட்டு வந்துடாத."

அஞ்சப்பன் இன்னொரு முறை என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

3. கருக்களாச்சேரி

நாலாம் நாள் புதுக் கண்டென்சர் வந்தது. பொருத்தினேன். ஸ்க்ரூக்களின் முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, போர்டைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். தலைவருக்கு ஒரு குறையும் வரவில்லை. கழற்றிய கண்டென்சருக்குப் பற்று வைத்து முதலாளி வேறொரு வண்டிக்கு விற்றார். அது நன்றாகவே ஓடியது. அவருக்கும் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போனேன். அஞ்சப்பன் யாருடைய வலையையோ மணலில் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இழுக்க முடியாதவருக்கு அந்த வேலைதான் கிடைத்திருந்தது.

"அண்ணே, அது உப்புக்காத்து இல்ல. போர்டு ஸ்க்ரூ குத்துனது," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும் தம்பி. மாட்டுன அன்னைக்கே, ஸ்க்ரூ நீளமா இருக்குங்கன்னு சொன்னேன். உனக்கென்னடா தெரியும்னாரு. மறுபடி நான் சொன்னா எடுபடுமா? நீங்க மெக்கானிக்கு, நீங்க சொல்லுவீங்கன்னுதான் பேசாம நின்னேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள், கண்டென்சர் மாற்ற எவ்வளவு என்று கேட்டால் வண்டியைப் பார்க்காமல் போனிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். நானும் கெட்டிக்காரனாகத்தான் இருந்தேன். தொகையைச் சொல்லும் முன்னால் எதனால் கெட்டது என்பதைச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவருக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வீர்கள் என்று நம்பி, பக்கத்தில் ஒருவர் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருப்பார்.