நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்த பாலம்

மாமல்லபுரம் போனேன் என்றால் சிற்பம் பார்க்கத்தானே என்பீர்கள். நான் போனது பாலம் பார்க்க. 2007 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை கணவர் அப்பாஸ் முதன்முதலாகத் தன் பெயரில் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய பாலத்துக்கு அன்று சோதனை முடிவு. "மச்சான், நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்" என்றார் போனில். ஊசி போடவே கண்ணை மூடிக்கொள்கிற என்னைத் தைரியத்துக்கு அழைத்த ஒரே ஆள் அவர்தான்.

தாம்பரத்தில் 6.10 மின்சார ரயில், ஏழு மணிக்குச் செங்கல்பட்டு. 7.20 பேருந்து, திருக்கழுக்குன்றம் வழி, முப்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். மாமல்லபுரத்தில் இறங்கி வடக்கே நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. உப்பங்கழியின் மேல் புதுப் பாலம் வெயிலில் பளபளவென்று நின்றது.

1993இல் கருங்குழிப் பக்கம் ஓர் ஓடைப்பாலத்தில் அப்பாஸ் சென்டரிங் ஆளாக இருந்தபோது நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று பாண்டுச் சட்டிகளில் கலவையைக் கைமாற்றுவார்கள். நடுவில் மழை வந்தால் தொலைந்தது. இப்போது கலவை லாரியிலேயே சுழன்றுகொண்டு வருகிறது, குழாய் வழியே மேலேறுகிறது, முட்டெல்லாம் இரும்பு. "அன்னிக்குத் தளம் போட ரெண்டு நாள் பேஜாரு மச்சான், இன்னிக்கு அஞ்சு மணி நேரம்" என்பார் அப்பாஸ்.

சோதனை இதுதான். வெள்ளிக்கிழமை மணல் லாரிகளை வரிசையாகப் பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். பாலம் நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்தது. சனிக்கிழமை லாரிகளை இறக்கியாயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்குள் தாழ்ந்ததில் முக்கால்வாசியாவது மேலே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்தத் தளத்தை உடைக்க வேண்டியதுதான். அப்பாஸுக்கு அதன்பின் இந்தக் கரையில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

பாலத்துக்கு அடியில், கழித்தண்ணீரில் நட்ட ஒரு கம்பத்தின் தலையில் கடிகாரம் போன்ற அளவுமானி. அதன் முனை பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார் ஆய்வுக்கு வந்த பெண் பொறியாளர். முப்பது வயதுதான் இருக்கும், சிரிப்பு மருந்துக்கும் கிடையாது.

"இன்னும் மூணு மில்லிமீட்டர் கீழதான் இருக்கு" என்றார்.

அப்பாஸ் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை என்கிற மீனவர் முழங்கால் தண்ணீரில் வந்தார். நேராக அளவுமானிக் கம்பத்துக்குப் போய், அதில் இறுக்கிக் கட்டியிருந்த தன் தோணியை அவிழ்த்தார். பொறியாளர் கத்தியே விட்டார்: "முள் ஓடுது! முள் ஓடுது!"

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் கட்டிய தோணி, கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏற ஏறக் கம்பத்தை மேலே இழுத்திருக்கிறது. கம்பம் ஏறியதைத்தான் பாலம் தாழ்ந்ததாகக் கருவி காட்டியிருக்கிறது. முள் இப்போது அரை மில்லிமீட்டரில் நின்றது.

"அறிவிருக்காய்யா உனக்கு?" என்று நான் பாய்ந்தேன்.

"இன்னா அண்ணாத்த கூவுற? கழியில கம்பு நட்டுக்கினா தோணி கட்டத்தான். வேற எதுக்குன்னு போர்டா கீது?" என்றார் ஏழுமலை. நியாயம்தான்!

பொறியாளர் தோணியை முன்பிருந்த அதே முடிச்சில் இழுத்து இறுக்கித் திரும்பக் கட்டச் சொன்னார். முள் ஏறியது. அவிழ்க்கச் சொன்னார், இறங்கியது. "நம்பறேன். ஆனா கம்பம் அசைஞ்ச கணக்குல கையெழுத்துப் போட மாட்டேன். மொதல்லேருந்து வைங்க."

எனக்கு வந்ததே கோபம்! அப்பாஸ் என் கையைப் பிடித்தார். "அவங்க சொல்றது சரி மச்சான். இப்ப விட்டா தோணியால தப்பிச்ச பாலம்னு பேராயிடும்."

திங்கள் காலை லாரிகள் திரும்ப ஏறின, செவ்வாய் இறங்கின. நான் மூன்று நாள் விடுப்பு போட்டேன். ஏழுமலை பிழைப்பை விட்டுவிட்டுக் கம்பத்தைக் காவல் காத்தார். கிட்டே ஒரு வாத்து நீந்தினால்கூட விரட்டினார். புதன் காலை பத்து மணிக்கு முள் கால் மில்லிமீட்டரில் நின்றது. பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாடா, சிரித்தார். "அண்ணாத்த, நம்ம பாலம் பாஸாயிடுச்சு!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினார் ஏழுமலை. அப்பாஸ் நடுப்பாலத்தில் நின்று ஓவென்று அழுதார். நானும்தான், எதற்கு மறைக்க?

இந்தப் பாலம் பார்க்கப் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், அதன்பின் வெயில் மண்டையைப் பிளக்கும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், பக்கத்தில் கடை கிடையாது. பாலத்தில் நின்று பார்த்தது போதாது, தெற்குக் கரையில் இறங்குங்கள். தூணைவிட்டுத் தள்ளி, சிமெண்டில் பதித்த ஓர் இரும்பு வளையம் இருக்கும். அது எந்த வரைபடத்திலும் இல்லை, அப்பாஸ் தன் கையால் பதித்தது. நான் கடைசியாகப் போனபோது ஏழுமலையின் தோணி அதில்தான் கட்டியிருந்தது.