பவளக்கொடி விளக்கணைத்த கதை

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பவளக்கொடிக்கு இயற்கையைக் காக்கத் தெரியாதாம். காட்டையும் ஊராரையும் வாழவைக்க வந்த சுற்றுலா விடுதியின் மேனேஜர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே வந்து பாடம் நடத்தினார். பொழுது சாய்ந்தபின் லயத்தில் விளக்கெரிந்தால் சிறுத்தை வெளியே வராதாம். அதைப் பார்க்க வந்த விருந்தாளிகள் பாவமாம்.

"அணைச்சிடுறோங்க. ஆனா கக்கூஸு வெளியதான் இருக்கு. போன வாரம் சிறுத்தப்புலி அதுக்குப் பின்னாலதான் படுத்திருந்துச்சு. இருட்டுல எப்படிங்க போறது?" என்றாள் பவளக்கொடி.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. அந்த மாதமே கக்கூஸுக்கு எதிரே கண்ணாடி அடைத்த மேடை எழுந்தது.

இப்போது அவள் இருட்டில் தட்டுத்தடுமாறிப் போகும்போதெல்லாம், கண்ணாடிக்குள்ளிருந்து வெள்ளைக்காரர்கள் உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். சத்தம் கேட்டால் சிறுத்தை பயந்துவிடுமாம்.