ஜெபராணி கேட்ட குரல்

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ் வரை நீண்ட ரயில் பயணம். கேண்டீன் மேற்பார்வையாளரான ஜெபராணி தினமும் அதில் பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்து, தன் நாவைக் காக்கும்படி ஜெபிப்பாள்.

அன்று மதியம் மகள் ஷெரின் போன் செய்தாள். "அம்மா, தெரியாம எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டீங்க. கேட்டுப் பாருங்க லா."

ஜெபராணி கேட்டாள். "மாடு மாதிரி நிக்கிற, அறிவில்ல?" தட்டு கழுவும் மோகனப்பிரியாவை அவள் திட்டியது அப்படியே பதிவாகியிருந்தது. இதுவா என் குரல்?

நேரே போய் மன்னிப்புக் கேட்டாள். மோகனப்பிரியா விழித்தாள்.

"எதுக்குக்கா? தினமும் இப்படித்தானே பேசுவீங்க?"

ஜெபராணி கையுறையை மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்று தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள்.