அக்கா ஸ்க்ரீன்

நாற்பத்தாறு வயதில் என் கணினித் திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கினேன். இப்போது எழுதும்போது இது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் அலுவலகத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. நீள நீளமான மேஜைகள், யார் பின்னால் யார் போனாலும் திரையில் இருப்பது தெரியும். கூட வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் பொடி எழுத்தில் திரையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் என் திரை மட்டும் கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் சரிப்படாமல்தான் அந்த முடிவுக்கு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் மாநில அரசு அலுவலகத்தில் இருக்கிறார்.

“எங்க ஆபீஸ்ல வயசாக ஆக டேபிள் பெரிசாகும். உனக்கு எழுத்து பெரிசாகுது.”

கிண்டலுக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். எங்கள் தொழிலில் வயதானவர்கள் போவதற்கு ஒரே வழிதான் இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதுகிறவர்களை மேய்க்கப் போக வேண்டும். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அப்படிப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஏதோ ஒரு புரோகிராமின் நடுவில் இருந்ததால் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

எழுத்து பெரிதானதும் திரையில் இருபது வரிகூடக் கொள்ளவில்லை. மேலே என்ன எழுதினேன் என்று பார்க்கத் திரையை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கோ சோம்பல் ஜாஸ்தி. அதனால் புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் ஒரே திரைக்குள் தொடங்கி முடியும்படி எழுத ஆரம்பித்தேன். ஒரு துண்டுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். எழுதி முடித்ததை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அலுவலகத்துச் சத்தம் எங்கோ தள்ளிப் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே இளஞ்சிவப்புப் பூக்கள் காற்றில் மெதுவாக உதிரும். எழுத்துகளும் அவற்றோடு சேர்ந்து மிதப்பதுபோல் இருக்கும். திடீரென்று அடுத்த துண்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மெட்ரோவில் திரும்பும்போதும் இந்த மயக்கம் தெளியாது. சம்பிகே ரோட்டில் இறங்க வேண்டியவள் ராஜாஜிநகர் வரைக்கும் போய்விட்டு எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பி வருவேன். வீட்டில் இதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பின்னால் நடந்து போகிறவர்கள் என் திரையைப் படிக்க ஆரம்பித்தார்கள். படிக்காமல் இருக்க முடியாதே, அத்தனை பெரிய எழுத்து. காப்பிக் கோப்பையோடு நின்று படித்துவிட்டு, “புரியுதுக்கா” என்று ஆச்சரியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு நாள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும்போது சொன்னது என் காதில் விழுந்தது: “இது அக்கா ஸ்க்ரீன்ல அடங்காது. உடைச்சு எழுது.” கொஞ்ச நாளில் டீம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. அடங்குமா அடங்காதா என்று சண்டை வந்தால், என்னை எழுப்பிவிட்டு என் திரையிலேயே போட்டுப் பார்ப்பார்கள். வெளியே அலுத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமை பிடிபடாது.

அந்த வருடம்தான் எங்கள் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மீட்டிங்கில் ஆங்கிலம் மட்டும் பேசுவார். கதவைச் சாத்தினால் நான் அக்கா.

“அக்கா, ஆள் குறைக்கப் போறாங்க. ரொம்ப வருஷமா இருந்துக்கிட்டு கோட் மட்டும் எழுதறவங்களத்தான் மொதல்ல பாப்பாங்க. மேல அஞ்சாவது மாடில ஒரு டீம் காலியா இருக்கு. மேனேஜராப் போயிடுங்க. மூணு மாசம் பாருங்க. புடிக்கலன்னா சொல்லுங்க, ஆனா அப்புறம் என்னால காப்பாத்த முடியுமான்னு தெரியாது.”

மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் விடுப்பு கேட்பார், ஒருவர் அழுவார், இரண்டு பேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கேட்டு, தட்டிக்கொடுத்து, சமாதானம் செய்து வைப்பேன். நன்றாகவே செய்தேன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் என் நாள் முழுக்கக் கலர் கலர்க் கட்டங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மீட்டிங் உட்கார்ந்திருந்தது. மயங்கி உட்கார இடமே இல்லை. மெட்ரோவில் சம்பிகே ரோடு வந்ததும் ஒழுங்காக இறங்கிவிடுவேன். அதை நினைத்து ஒரு நாள் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன்.

மூன்றாவது மாதம், ஒரு மழை மதியம், மாடிக் கேன்டீனில் மகளோடு போனில் பேசி முடித்தேன். எதிரே நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் தட்டோடு வந்து நின்றாள்.

“தமிழுங்களா? உக்காரலாமுங்களா?”

கோயம்புத்தூர்ப் பெண். ஈஜிபுராவில் குடியிருக்கிறாள். பிள்ளைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டிருந்து, இப்போது திரும்பச் சேர்ந்திருக்கிறாள். எந்த டீம் என்று கேட்டேன். என்னுடைய பழைய டீம்.

“ரொம்பப் பயந்துட்டுத்தான் வந்தனுங்க. எட்டு வருஷத்துல எல்லாமே மாறிப்போச்சு. கூட இருக்கறவங்க எல்லாம் சின்னப் பசங்க, என்ன வேகம்! ஆனா இங்க ஒரு ரூல் இருக்குதுங்க, அக்கா ஸ்க்ரீன்னு. எதை எழுதினாலும் பெரிய எழுத்துல ஒரு ஸ்க்ரீனுக்குள்ள முடிஞ்சிரணும். அதனால அவங்க எழுதினதப் படிச்சா எனக்குப் புரியுதுங்க. அது மட்டும் இல்லீன்னா மொத வாரமே ஓடிப் போயிருப்பேன்.”

“யாரு அந்த அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“தெரியலீங்க. முன்னாடி இருந்தவங்களாமா. ரிட்டையர் ஆயிட்டாங்கன்னு புதுசாச் சேந்த ஒருத்தர் சொன்னாரு. எல்லாரும் அவங்களப் பத்தி அத்தனை மரியாதையாப் பேசறதப் பாத்தா, ஒருவேளை தவறிட்டாங்களோ என்னமோ. பாவம்.”

காப்பி புரையேறிவிட்டது. அவள் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்த அக்கா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. செத்துப்போனதாக நினைக்கப்பட்டதில்கூட வருத்தமில்லை. எனக்கு அந்த அக்காமேல் பொறாமையாக இருந்தது. அவள் கீழே இரண்டாவது மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள், நான்தான் எங்கேயோ போய்விட்டேன். மழை பெய்துகொண்டிருந்த கண்ணாடியில் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

“திரும்பப் போனா வேலையே போகலாம்ங்க.”

“பயமா இருக்கா?”

“ரொம்ப.”

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், “என் டேபிள் பெரிசுதான். அதுல நான் என்ன செஞ்சேன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. பிடு, நீ போய் எழுது,” என்றார். ‘விடு’ என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடத்தில்தான் வரும்.

பழைய டீமுக்கே போகிறேன் என்றதும் மேலதிகாரி என்னை நம்ப முடியாமல் பார்த்தார்.

“ஏறினவங்க யாரும் எறக்கி விடுங்கன்னு கேட்டதில்லக்கா.”

“நான் கேக்கறேன்பா.”

“அடுத்த தடவ ஆள் குறைக்கற லிஸ்ட் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியும்.”

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். “எனக்கெல்லாம் இப்ப எழுத வருமான்னே தெரியல,” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு என்னை அனுப்பிவைத்தார்.

என் பழைய ஜன்னலோர இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தொடங்கினேன். கை ஓடவில்லை. பழகிய சொற்களைக்கூடத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எத்தனை தடவை அழித்தேன் என்று தெரியாது. மதியம் ஆவதற்குள் ஒரே ஒரு துண்டு எழுதி முடித்து, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அந்தக் கோயம்புத்தூர்ப் பெண். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“மேடம்... நீங்களா அந்த அக்கா?”

“ஆமா. இன்னும் சாகல.”

அவள் சிரிக்கவில்லை. என் தலையின் நரையை, என் கண்ணாடியை, திரையின் பெரிய எழுத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்கு என்ன வயசுங்க?”

சொன்னேன்.

“அப்ப எனக்கும் எழுதறதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்குதுங்களாக்கா?”

எனக்கே அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாது. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, அடுத்தத சேந்து எழுதலாம்,” என்றேன்.