ஆளுக்கொரு படுக்கை

அப்போது எனக்கு வாய் நீளம். சிறுசேரியில் வேலை கிடைத்த கர்வத்தில், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதுகூடக் கழற்றமாட்டேன்.

ஒரு மருத்துவமனைக்காக ஆன்டாலஜி வைத்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நோயாளி என்றால் யார், படுக்கை என்றால் என்ன, எது எதோடு சேரும் என்று கணினிக்கு விதி விதியாகச் சொல்லிவைப்பதுதான் ஆன்டாலஜி. மீதியை அதுவே யோசித்துக்கொள்ளும். மருத்துவமனை தந்த முழு ஃபைலை ஏற்றுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் எழுதியதைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்டுக்கு வேண்டிய நோயாளிகளை நான் புரோகிராமிலேயே கற்பனையாக உருவாக்கிக்கொள்வேன். நொடியில் ஓடும், திரையில் எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

நாங்கள் எழுதியதில் தவறு கண்டுபிடிக்கும் டெஸ்டராக ஒரு அக்கா வந்து சேர்ந்தார். குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவர். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வண்டலூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். ரம்ஜான் நோன்பில், தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத நாளிலும் எனக்கு டிபன் கட்டிவந்தவர்.

ஆறாவது மாதம் அவர் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். முழு ஃபைலை ஏற்றினால், பிரசவ வார்டில் தாயும் குழந்தையும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு நோயாளி என்பது நான் எழுதிய விதி. ஃபைலில் இருவருக்கும் ஒரே படுக்கை எண், அதனால் இருவரும் ஒருவரே என்று கணினி முடிவுகட்டிவிட்டது. ஃபைல்தான் தப்பு என்று எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவர் விடவில்லை, தவறுகளின் பட்டியலில் மூன்று முறை எழுதிவைத்தார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டபோது, "என் டெஸ்ட் எல்லாம் பாஸ் சார்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லாத தவறைச் சொல்லி நேரத்தை வீணாக்குகிறார் என்று அவரை நிரந்தரமாக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ என் டெஸ்ட் புரோகிராமைத் திறந்தேன். நோயாளியை உருவாக்க நான் எழுதியிருந்த நாலு வரி, ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு புதுப் படுக்கையையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. என் வசதிக்காக நானே வைத்த ஏற்பாடு. அந்த டெஸ்டில் எந்தக் குழந்தையும் தாய் பக்கத்தில் படுத்ததே இல்லை. பிறகு எப்படிச் சிவப்பாகும்? விதியை மாற்றினேன். சிறு திருத்தம் என்று பதிந்தேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீளமான வாய் அன்றைக்கு மட்டும் எப்படித்தான் மூடியதோ.

அடுத்த வருடம் தாம்பரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஊரப்பாக்கம் போக நின்றிருந்தார். வேறு வேலை அமையவில்லை, வீட்டில் டியூஷன் எடுப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அந்த அம்மா, குழந்தை விஷயம் கடைசில என்னப்பா ஆச்சு?"

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஃபைல்லதான் தப்புக்கா" என்று வந்தது.

"நீ அப்பவே சொன்னே. நான்தான் உன்னை ரொம்பப் படுத்திட்டேன். மனசுல வச்சுக்காதப்பா."

ரயில் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எனக்கும் அதே ரயில்தான். நான் ஏறவில்லை.