‘சரி’ன்னா எதுக்கு சரி?

போன ஞாயிறு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நோர்வூட் பக்கம். வேலை – டவரில்.

“டவரா?” என் மனைவியின் அண்ணன் முகத்தைச் சுளித்தார். எங்கள் ஊர் றொசல்லயில் டவர் என்றால் ஒன்றுதான்... மேட்டில் நிற்கும் போன் டவர். “கம்பத்துல ஏறுறவனுக்கா மச்சான் டீச்சர் புள்ளய குடுக்கப் போற?”

எனக்கும் சந்தேகம்தான். ஒரே மகள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கல்யாணம் ஆனதும் வேலையை விடச் சொல்வார்களோ என்பது அவள் பயம். ஆள் சொல்வதெல்லாம் மெய்தானா என்பது என் பயம். நேரே கேட்கலாம்தான். கேட்கிற வாயா எனக்கு?

மச்சான் கேட்டார்.

“போன் டவர் இல்லீங்க மாமா. கட்டுநாயக்கவுல, ஏர்போர்ட் டவர். பிளேன் எறங்கலாமா, கெளம்பலாமா, ஓடுபாதை காலியா... நாங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“ஏன், பைலட்டுக்குக் கண்ணு தெரியாதா?”

“அவருக்கு அவரு பிளேன் தெரியும். எல்லாத்தையும் சேத்துப் பாக்குறது நாங்க.”

நம்புவதா, வேண்டாமா? அதற்குள் இன்னொரு வில்லங்கம்.

“வடைய எடுத்துக்கங்க,” என்றார் மச்சான்.

“வடைய எடுத்துக்கிறேன்,” என்றார் மாப்பிள்ளை.

“ஒரே புள்ள, பத்திரமா பாத்துக்கணும்.”

“ஒரே புள்ள, பத்திரமா பாத்துக்கணும்.”

மச்சான் என்னை அடுப்படிக்குள் இழுத்தார். “நக்கல் பண்றானா, காது கேக்கலையா?”

நான் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய், கைதவறியது போல ஒரு டம்ளரைப் போட்டேன். சட்டென்று திரும்பினார். காது நன்றாக இருக்கிறது. அப்படியென்றால்... நக்கல்தான்!

“என்னா தம்பி, சொன்னதையே சொல்றீங்க?” மச்சான் எகிறினார்.

மாப்பிள்ளை கூச்சத்தோடு சிரித்தார். “வேலப் பழக்கம் மாமா. டவர் சொல்றத பைலட் அப்புடியே திருப்பிச் சொல்லணும். ‘நில்லு’ன்னது ‘எறங்கு’ன்னு கேட்டுட்டா என்னா ஆகும்? தப்பா சொன்னா ஒடனே திருத்துவோம்.”

“அப்ப பைலட்டுதான திருப்பிச் சொல்லணும்? நீங்க ஏன்?”

“இங்க நீங்கதான மாமா டவர்?”

மச்சான் குளிர்ந்துவிட்டார். எனக்கு இன்னும் சந்தேகம் – இவ்வளவு இனிக்கப் பேசுகிறவரை எப்படி நம்புவது?

மகளைக் கேட்டோம். “சரி” என்றாள்.

“வெறும் ‘சரி’ எங்க வேலையில செல்லாதுங்க,” என்றார் மாப்பிள்ளை. “எதுக்கு சரி?”

மகள் நிமிர்ந்தாள். “கல்யாணத்துக்குப் பொறகும் நான் படிப்பிப்பேன். கட்டுநாயக்க பக்கம் இடமாற்றம் கெடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்கு சம்மதம்னா, எனக்கும் சம்மதம்.”

மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. மாப்பிள்ளை அம்மா பக்கம் திரும்பவில்லை.

“கல்யாணத்துக்குப் பொறகும் நீங்க படிப்பிப்பீங்க. கட்டுநாயக்க பக்கம் இடமாற்றம் கெடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பீங்க. எனக்குச் சம்மதம்.”

ஒரு சொல் குறையவில்லை. மகள் தலையசைத்தாள். “சரியா சொல்லிட்டீங்க.”

அவர்கள் போனபின் மனைவி கேட்டாள்: “மாப்பிள்ள நல்ல மாதிரிதானங்க?”

“ம்” என்றேன்.

“‘ம்’னா?”

அன்றிலிருந்து என் வீட்டிலும் ‘ம்’ செல்லுவதில்லை!